பிராக் நகரத்தில் ஆறு மணி நேரம்

"வலது பக்கம் பாரு சுமா. என்ன தெரியுது?"

பார்த்தேன். திரைச்சீலை தெரிந்தது. சாம்பல் நிறம். கீழ் ஓரத்தில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

"கோபுரம் தெரியுது," என்றேன்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"உச்சி கறுப்பா இருக்குமே."

"கறுப்பாத்தான் இருக்கு."

போனில் பேசியது என் கணவர் பாஸ்கரன். அவர் இருந்தது மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில். மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருப்பார். நான் இருந்தது ஐரோப்பாவில், பிராக் என்ற ஊரில், ஓட்டல் கட்டிலில், கழுத்துவரை போர்வைக்குள். அங்கே அப்போது காலை பத்தே முக்கால்.

அவருடைய கணக்குப்படி நான் அந்த ஊரின் பழைய சதுக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்தத் தொடரில் இதுவரை பாஸ்கரனை அதிகம் உள்ளே விடவில்லை. சென்ற வாரம் அவரே கேட்டார்: "எல்லாரையும் எழுதற, என்னை எழுத மாட்டியா?" எழுதினால் உண்மையைத்தான் எழுதுவேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆகவே இந்த வாரம் அவர்.

அட்டவணை மனிதர்

பாஸ்கரனின் வேலை அடுத்தவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது. டிக்கெட் போடுவார், விசாவுக்குப் பேப்பர் தயார் செய்வார், குழுவாகப் போகிறவர்களுக்கு நாள்வாரியாக, மணிவாரியாகத் திட்டம் எழுதிக் கொடுப்பார். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான்.

ரோமில் எந்த வாசல் வழியாகப் போனால் படிக்கட்டு குறைவு என்று அவருக்குத் தெரியும். முழங்கால் வலிக்காரர்கள் அடையாறிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். பாரிசில் தயிர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் தெருப் பெயரோடு சொல்வார்.

அவர் மட்டும் திருப்பதிக்கு வடக்கே போனதில்லை.

அட்டவணை போடுவது அவருக்குத் தொழிலால் வந்த பழக்கம் என்று சொல்ல முடியாது. எங்களுக்குக் கல்யாணமாகிக் கொடைக்கானல் போனபோது அவர் இந்த வேலையில் சேர்ந்திருக்கவே இல்லை. அப்போதே சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தார். ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். ஒரே பனி. எதிரே என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. வண்டிக்குத் திரும்பலாம் என்றேன். தாளில் இருபது நிமிஷம் என்று போட்டிருந்தது. இருபது நிமிஷம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பேனாவை எடுத்து, "பார்த்தாச்சு" என்று டிக் அடித்தார்.

நல்லவேளை, அந்தப் பனியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் அன்றைக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்.

எனக்கு வந்த பயணம்

எங்கள் வீட்டிலிருந்து முதலில் விமானம் ஏறப்போவது யார் என்று யாரைக் கேட்டிருந்தாலும் பாஸ்கரன் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். ஏறியது நான். அதுவும் ஒரு எடை மெஷினால்.

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஆய்வுக்கூடங்களுக்கு எடை மெஷின் செய்கிறது. மெஷினுக்குள் எடையை உணர்கிற சின்ன உலோகத் துண்டு ஒன்று உண்டு. அது பிராக் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி அனுப்புவது. அந்த வருஷம் வந்த துண்டுகள் நம் ஊர் வெயிலில் தடுமாறின. காலையில் நூறு கிராம் என்று காட்டியது மதியத்தில் நூறுக்குக் கொஞ்சம் மேலே காட்டும்.

எழுதிக் கேட்டோம். துண்டு சரிதான், நீங்கள் பொருத்துகிற விதம்தான் சரியில்லை என்று பதில் வந்தது.

பொருத்துகிற மேஜையில் ஒன்பது பெண்கள். ஒவ்வொருத்தியின் கைப்பக்குவமும் எனக்குத் தெரியும். அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. பழி அவர்கள் தலையில் விழுந்தால் அந்த மேஜையில் ஒன்பது பேரும் நீடிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

"எழுதிட்டே இருந்தா வேலைக்காகாது சுமதி," என்றார் எங்கள் முதலாளி. "நேர்ல போய் காட்டிட்டு வாங்க. மூணு நாள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கேருந்து திரும்ப ஃப்ளைட்."

வீட்டில் வந்து சொன்னேன். பாஸ்கரன் முதலில் கேட்டது, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஏர்போர்ட் போகணும்?"

"மூணு மணிக்குக் கிளம்பணுமாம்."

"அப்ப காலைல ஒம்பதுல இருந்து மூணு வரைக்கும் ஃப்ரீ." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆறு மணி நேரம். ஒரு ஊருக்குத் தாராளம்."

குளம் என்ற அளவுகோல்

அதற்கடுத்த இரண்டு வாரம் எங்கள் மந்தைவெளி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. பிராக் வரைபடம்தான் விரிந்து கிடந்தது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

எதையும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. "பழைய சதுக்கம் இருக்கே, நம்ம கோயில் குளத்துல பாதிதான். தெற்கு மாட வீதியில நின்னு வடக்கே பார்க்கற மாதிரி நினைச்சுக்கோ. பெரிய கடிகாரம் உன் இடது கைப்பக்கம்."

அந்தக் கடிகாரம் அறுநூறு வருஷப் பழசாம். ஒவ்வொரு மணிக்கும் மேலே ஜன்னல் திறந்து பொம்மைகள் வரிசையாக வந்து போகும், ஒரு எலும்புக்கூடு மணி அடிக்கும். அதைப் பார்க்கப் பத்தே முக்காலுக்கே போய் இடம்பிடிக்க வேண்டும். அப்புறம் கல் பாலம். பாலத்தின் மேல் வரிசையாகச் சிலைகள். ஒரு சிலைக்கு அடியில் பித்தளைத் தகடு. தொட்டால் அந்த ஊருக்கு மறுபடி வருவோமாம். "மறக்காம தொடணும்," என்று அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பாலம் தாண்டி மலைமேல் கோட்டை.

பாலம் அரைக் கிலோமீட்டர். நான் எத்தனை நிமிஷத்தில் நடப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனார். பாலத்திலும் கூட்டம் இருக்குமாம்.

மாதா கோயில் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு வந்தார். பாதியில் சுட்ட சோளம் வாங்க நின்றேன்.

"அஞ்சு நிமிஷம் போச்சு," என்றார்.

"அங்க சோளம் விக்க மாட்டாங்க."

"வேற எதையாவது விப்பாங்க. நீ நிப்ப."

கூடவே வாழ்ந்தவர். தப்பாகச் சொல்லவில்லை.

ஸ்வெட்டர் வாங்க தி.நகர் போனோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் இருந்தவர் திருநெல்வேலிக்காரர். என்னையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வெயில்ல ஸ்வெட்டர் கேக்கியளே அக்கா," என்றார். பாஸ்கரன் அவருக்கு பிராக்கின் தட்பவெப்பத்தைப் பதினைந்து நிமிஷம் விளக்கினார். கடைக்காரர் கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பாச்சை உருண்டை வாசனை விமானம் வரைக்கும் வந்தது.

ஒரு "ம்"

மூன்று நாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹானா என்ற எஞ்சினியர்தான் என்னோடு உட்கார்ந்தவர். என் வயதுதான், அளந்து பேசுகிறவர். சூடும் ஈரமும் ஏற்றிச் சோதிக்கிற பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. மிதமாக வைத்துச் சோதித்தார்கள். துண்டு அசையவில்லை. இன்னும் ஏற்றுங்கள் என்றேன். ஏற்றினார்கள். அசையவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நம் பெண்கள் மேல்தான் தப்போ என்று படுக்கையில் புரண்டேன்.

மூன்றாம் நாள், "எங்க ஊர் மே மாசத்தை அப்படியே வையுங்க, நாள் பூரா விடுங்க," என்று பிடிவாதம் பிடித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு எண் நகர்ந்தது. ஹானா பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் பெண்கள் சரியாகத்தான் பொருத்துகிறார்கள்," என்றார்.

அறைக்கு வந்தேன். போட்டிருந்த சுடிதாரோடு கட்டிலில் விழுந்தேன். மூன்று நாள் தூக்கத்தையும் ஒரே ராத்திரியில் தூங்கினேன்.

மறுநாள் காலை போன் அடித்துத்தான் விழித்தேன்.

"எங்க இருக்க? சதுக்கத்துக்கு வந்துட்டியா?"

எனக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே புரியவில்லை. "ம்," என்றேன்.

அந்த "ம்"மில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இல்லை, இப்போதுதான் எழுந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. எழுந்து போகவும் உடம்பு வரவில்லை.

கட்டிலில் படுத்தபடியே நான் பிராக் நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

"கூட்டம் இருக்கா?"

"பயங்கரக் கூட்டம்."

"குளிருதா?"

"நல்ல வெயில்."

அந்தப் பக்கம் கொஞ்சம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"சரி," என்றார். "அப்ப பதினோரு மணி ஆகப் போகுது. மேல ஜன்னலையே பாரு."

அறைச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு ஜாடி, மூன்று எலுமிச்சம்பழம்.

"பொம்மை வருதா?"

"வருது."

"மணிச் சத்தம் எனக்குக் கேக்கலையே."

"கூட்டத்துல எனக்கே சரியா கேக்கல."

பிறகு பாலத்துக்குக் கூட்டிப்போனார். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் தரை கரடுமுரடாக இருக்கும், எல்லாம் சொன்னார். பாலத்துக் கல்லுக்கு என்ன கதை, ஆற்றில் எப்போது வெள்ளம் வந்தது, எல்லாம் சொன்னார். இடையிடையே, "நின்னு பாரு, அவசரமே இல்ல," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தகடு வந்தாச்சு. தொடு."

கட்டிலருகே விளக்குக்குப் பித்தளைத் தண்டு. தொட்டேன்.

"எப்படி இருக்கு?"

"சில்லுனு இருக்கு." அந்தக் காலையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. "போதும் சுமா," என்றார். "சாப்பிடு. வெளியே போறதா இருந்தா குடை எடுத்துக்கோ." போனை வைத்துவிட்டார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் உறைத்தது. வாயில் நுரையோடு ஓடிவந்து திரைச்சீலையை விலக்கினேன்.

அடித்துப் பெய்துகொண்டிருந்தது. தெருவோரம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஓடுகள் ஊறிக் கறுத்திருந்தன. இரட்டைக் கண்ணாடி ஜன்னல். ஒரு சொட்டுச் சத்தம் உள்ளே வரவில்லை.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நான் ரூம்லதாங்க இருக்கேன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வெயில்னு சொன்னியே, அப்ப. அந்தச் சதுக்கத்துல ஒரு கேமரா வெச்சிருக்காங்க. இருபத்தினாலு மணி நேரமும் நெட்ல ஓடும். நீ வந்தா பாக்கலாம்னு காலைல இருந்து தொறந்து வெச்சிருக்கேன். உனக்கு அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன். அங்க எட்டு மணியில இருந்து மழை."

காது சுட்டது. "கோவமா?"

"வருத்தமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டாளேன்னு. அப்புறம் பாலத்தைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சதும் மறந்து போச்சு."

"அதான் நான் போகலைன்னு தெரிஞ்சுதே. அப்புறமும் ஏன் சொல்லிட்டே இருந்தீங்க?"

"நீ போகலைன்னா என்ன? நான் போயிட்டு வந்தேன் இல்ல?"

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

ஸ்வெட்டரை மாட்டினேன். ஓட்டல் வரவேற்பில் ஒரு குடை கேட்டு வாங்கினேன். டிராமில் நாலாவது ஸ்டாப்பில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஓடினேன். சதுக்கத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. குளத்தில் பாதிதான் என்று அவர் சொன்னது சரி. இடது கைப்பக்கம் கடிகாரம் என்றதும் சரி. அந்த மழையிலும் கடிகாரத்துக்குக் கீழே நூறு குடையாவது இருக்கும்.

போன் போட்டேன். "வந்துட்டேன். கேமரா எங்க இருக்கு?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "கடிகாரத்துக்கு நேர் எதிர்ல, ஒரு மாடி உயரத்துல. உன் குடை என்ன கலர்?"

"கறுப்பு."

"எல்லாமே கறுப்பா இருக்கே. கையைத் தூக்கு."

தூக்கினேன். அதே நேரம் மணி அடிக்க ஆரம்பித்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் படம் பிடிக்கப் போனைத் தூக்கினார்கள். சதுக்கம் முழுக்கக் கை.

"தெரியலையே சுமா. இந்தப் படம் வேற கொஞ்சம் லேட்டா வரும்."

குடையை மடக்கினேன். மழை தலையில் இறங்கியது, ஸ்வெட்டர் ஊறிக் கனத்தது. கேமரா இருக்கும் திசை என்று தோன்றிய பக்கமாகத் திரும்பி அசையாமல் நின்றேன். பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்கள் 'ஆ' என்றார்கள். ஜன்னல் திறந்திருக்கும், பொம்மைகள் வந்து போயிருக்கும்.

போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிட்டு ஒரே ஒருத்தி நிக்கறா," என்றார். "குடை இல்லாம. அது நீயா?"

"நான்தான்."

அவர் பக்கத்தில் யாரோ, "யாரு சார் அது?" என்று கேட்பதும், "எங்க வீட்ல," என்று அவர் சொல்வதும் கேட்டது.

"கடிகாரத்தைப் பார்க்கலையா நீ?" என்றார் கடைசியில்.

"நீங்க வரும்போது சேர்ந்து பாத்துக்கலாம்."

"வரணும்னா பாஸ்போர்ட் வேணுமே."

"உங்ககிட்ட இல்லையா?"

"இருந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எடுத்தேன். காலாவதி ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். ஒரு சீல்கூட விழல. புதுப்பிக்கணும்னு தோணல. நனையாத, குடையைப் பிடி."

என் பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு பேப்பரிலும் மூன்று நகல் எடுத்து, கவரில் போட்டு, வரிசையில் என்னோடு நின்றவர் அவர். அவருடையது எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தினம் தினம் இத்தனை பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிற மனிதரிடம் ஒன்று சொந்தமாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

வந்த பிறகு

ஊர் வந்த முதல் வாரமே அவரை உட்காரவைத்து விண்ணப்பம் போடச் சொன்னேன். "இப்ப எதுக்கு", "அப்புறம் பாக்கலாம்" என்று நான்கு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் போட்டார். ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் திருத்துகிறவர், தன்னுடையதில் கதவு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார். புது எண் இருக்க வேண்டிய இடத்தில் பழைய எண். பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனவர் அப்படியே திரும்பி வந்தார். அவர் ஆபீசில் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பத்திரிகையில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில் விசாரணைக்கு போலீஸ்காரர் வந்தார். நடுத்தர வயது, வியர்வையில் நனைந்த சட்டை. ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காகிதங்களையும் பழைய பாஸ்போர்ட்டையும் புரட்டினார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன்.

"இன்னா சார், பழசு ஃபுல்லா காலியா கீது. எங்கியும் போவலியா?"

"போகல சார்."

"இத்தினி வருசம் வுட்டுட்டு இப்ப இன்னாத்துக்கு? பையன் ஃபாரின்ல கீறானா? கம்பெனி வேலையா?"

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊருக்கும் தகுந்த பதிலை ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்தவர் பாஸ்கரன். எந்தத் தூதரகத்துக்கு எந்த வார்த்தை பிடிக்கும் என்பதுகூடத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சும்மா சார்," என்றார். "பார்க்கத்தான்."

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார்.